கல்கத்தாவை மெட்ரோவுலயே சுத்திப் பாத்துட முடியுமா? (அப்பா அம்மாவோட, ஜனவரில)

சேலத்துப் பையன்
வணக்கம் மக்களே. ஜனவரில அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு கல்கத்தா போறோம். அப்பாவுக்கு தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும் பாக்கணும்னு ரொம்ப வருஷமா ஆசை, அம்மாவுக்கு காளிகாட், எனக்கு அந்த ஆத்துக்கு அடில போற மெட்ரோ. டாக்ஸி புக் பண்ணி சுத்தலாம்னு பாத்தா டிராஃபிக்ல பாதி நாள் போயிடும்னு ஆபீஸ்ல ஒரு பெங்காலி பயமுறுத்தறான். மெட்ரோவ மட்டும் நம்பிப் போகலாமா? அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, படி ஏறினா மூச்சு வாங்கும். ரூம் எந்தப் பக்கம் போட்டா நல்லது? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

ரயில்கிறுக்கன்
தாராளமா போகலாம் ப்ரோ. இந்தியாவோட முதல் மெட்ரோவே அதுதானே, 1984 அக்டோபர் 24ல எஸ்ப்ளனேட்ல இருந்து பவானிபூர் வரைக்கும் வெறும் 3.4 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சது. டெல்லிக்கு வந்ததே 2002லதான். இப்ப ப்ளூ லைன் தட்சிணேஸ்வர் வரைக்கும் போகுது, கோயில் வாசல் கிட்டயே இறங்கலாம். க்ரீன் லைன் ஹௌரா மைதான்ல இருந்து ஆத்துக்கு அடில பூந்து எஸ்ப்ளனேட், சியால்தா வழியா சால்ட் லேக் செக்டர் ஃபைவ் வரைக்கும், 2025 ஆகஸ்ட்லதான் நடுவுல விட்டிருந்த துண்டும் சேந்துது. அதே நாள்ல ஏர்போர்ட் லைனும் திறந்தாங்க, நோவாபாராவுல ப்ளூ லைனுக்கு மாறிக்கலாம். பேலூர் மடம் தவிர நீங்க கேட்ட எல்லா இடமும் இந்த ரெண்டு லைனுக்குள்ளயே அடங்கிடும். ஆத்தடி மெட்ரோவ மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க, நாட்டுலயே முதல்முதலா ஒரு பெரிய ஆத்துக்கு அடில ஓடற மெட்ரோ அது!!

தயிர்சாதம்77
ஆத்தடி மெட்ரோன்னு எல்லாரும் துள்ளறாங்க. நானும் துள்ளிக்கிட்டுத்தான் போனேன். என்ன தெரியும்னு நினைக்கறீங்க? ஒண்ணும் தெரியாது. டனல் சுவர்தான். நீல லைட்டு போட்டிருக்கான், அது எரிஞ்சா இப்ப ஆத்துக்கு அடில இருக்கோம்னு அர்த்தம், மொத்தமே 520 மீட்டர், 45 செகண்டு. பக்கத்துல நின்ன குடும்பம் மொத்தமும் கண்ணாடில மூஞ்சிய ஒட்டி மீன் தெரியுமானு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பதிலா ஹௌரா படகுத்துறைல லாஞ்ச் ஏறுங்க. டீக்காசுதான் டிக்கெட்டு, காத்து வாங்கிக்கிட்டே ஹௌரா பாலத்த கீழ இருந்து பாக்கலாம்.

நெல்லை அண்ணாச்சி
அப்படிச் சொல்லும் வே. பூமிக்கு அடில எலி மாதிரி ஓடிட்டு ஊரப் பாத்தேன்னு சொன்னா எப்பிடி? கல்கத்தான்னா ட்ராம்ல போவணும், மஞ்ச டாக்ஸில போவணும். வயசான ஆளுகள படி இறக்கி படி ஏத்தி... நான் சொல்லுதேன், ஒரு வண்டியப் பேசிக்கிட்டு சுத்துங்க.

லேக்மார்க்கெட் லலிதா
அண்ணாச்சி, நீங்க சொல்ற ட்ராமும் மஞ்ச டாக்ஸியும் இப்ப எங்க இருக்கு? ட்ராம் ஒண்ணு ரெண்டு ரூட்ல ஒப்புக்கு ஓடறது, அம்பாசிடர் கம்பெனி கார் செய்யறத நிறுத்தியே 2014 ஆச்சு, இருக்கற பழைய டாக்ஸியும் பதினஞ்சு வருஷம் ஆனா ரோட்ட விட்டுப் போயிடணும்.

நான் காளிகாட் மெட்ரோவுல இருந்து நடந்து போற தூரத்துலதான் பிறந்து வளர்ந்தேன், இப்ப சென்னைல இருந்தாலும் வருஷா வருஷம் போயிட்டுதான் இருக்கேன். சேலத்துத் தம்பி, நான் சொல்றத கொஞ்சம் கேளு. மெட்ரோவுல உக்காந்து ஊரப் பாக்க முடியாதுங்கறது வாஸ்தவம்தான். ஆனா அந்த ப்ளூ லைன் எதுக்கு அடில போறதுன்னு பாரு. சித்தரஞ்சன் அவென்யூ, சௌரங்கி, ஆசுதோஷ் முகர்ஜி ரோடுன்னு பழைய ஊரோட முதுகெலும்பு மாதிரி இருக்கற ரோட்டுக்கு நேர் அடில. அதனால எந்த ஸ்டேஷன்ல வெளில வந்தாலும் ஏதாவது ஒரு பழைய கல்கத்தாவுக்கு நடுவுலதான் வந்து நிப்ப. நாலஞ்சு ஸ்டேஷனப் பிடிச்சுக்கோ, ஒவ்வொண்ணுலயும் இறங்கி ஒரு மணி நேரம் மெதுவா நட, போதும். இடம் இடமா லிஸ்ட் போட்டு ஓடாதே, ஸ்டேஷன் ஸ்டேஷனா பாரு.

ஷோபாபஜார்ல இறங்கினா குமோர்டுலி, சாமி சிலை பண்றவா தெரு. சந்து சந்தா வைக்கோல் கட்டிண்டு, அது மேல களிமண்ணு பூசிண்டு இருப்பா. ஜனவரில போறதால சரஸ்வதி பூஜைக்கு சிலை தயாராயிண்டு இருக்கும், சின்னச் சின்ன சரஸ்வதியா வரிசையா காய வச்சிருப்பா, துர்கா பூஜை நேரத்துக் கூட்டமும் இருக்காது. கிரீஷ் பார்க்ல இறங்கினா ஜோராசாங்கோ, தாகூர் பிறந்த வீடு. மகாத்மா காந்தி ரோடுல இறங்கினா ஒரு பக்கம் காலேஜ் ஸ்ட்ரீட் புஸ்தகக் கடைகள், இந்தியன் காபி ஹவுஸ், இன்னொரு பக்கம் நடந்தா நக்கோடா மசூதி. பார்க் ஸ்ட்ரீட்ல ஏறினா மியூசியம். மைதான் இல்லேன்னா ரவீந்திர சதன்ல இறங்கினா விக்டோரியா மெமோரியல், செயின்ட் பால்ஸ் சர்ச், பிர்லா கோளரங்கம் மூணும் ஒண்ணா. நேதாஜி பவன்ல போஸ் வீடு. அப்பறம் எங்க காளிகாட்.

ரூம் எஸ்ப்ளனேட், பார்க் ஸ்ட்ரீட் பக்கம் போட்டுக்கோ. ரெண்டு லைனும் எஸ்ப்ளனேட்லதான் சந்திக்கறது.

கோவை ராஜி
அக்கா சூப்பருங்க. நானும் இதைக் குறிச்சு வச்சுக்கறேன். டிக்கெட்டு எவ்வளவு ஆகுங்க?

ரயில்கிறுக்கன்
ப்ளூ லைன் அஞ்சு ரூபால ஆரம்பிக்கும், எவ்வளவு தூரம் போனாலும் 25தான். ஹௌரா டு எஸ்ப்ளனேட் ஆத்தத் தாண்டி பத்து ரூபா. சென்னைல இருந்து வர்றவனுக்கு இது சிரிப்பா இருக்கும். ரயில்வேயே நடத்தற ஒரே மெட்ரோ இதுதான், அதான் இந்த விலை. ஸ்மார்ட் கார்டு வாங்கிட்டா எல்லா லைன்லயும் ஓடும், க்யூல நிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், 1984ல அங்க ஓடின முதல் வண்டியே நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில்பெட்டி ஃபேக்டரில செஞ்சதுதான். அந்த ஏசி இல்லாத பழைய ரேக்குகள் 2021 அக்டோபர்ல முப்பத்தேழு வருஷம் கழிச்சுத்தான் ரிட்டயர் ஆச்சு. இப்ப ப்ளூ லைன்ல ஓடற ஏசி வண்டிகள்லயும் நிறைய ஐ.சி.எஃப் வண்டிதான், கூடவே சீனாவுல தாலியன்ல செஞ்சதும் ஓடுது. கதவு பக்கத்துல ப்ளேட்டு இருந்தா பாருங்க, பெரம்பூர்னு போட்டிருந்தா ஒரு சந்தோஷம்.

பழைய இன்ஜினியர்
முதல் லைன் எப்படிப் போட்டாங்கன்னு இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. இப்ப மாதிரி துளை போடற மிஷின் எல்லாம் பெருசா கிடையாது. ரோட்டையே நடுவுல நீளமா வெட்டி, ரெண்டு பக்கமும் சுவர் கட்டி, உள்ள பெட்டி மாதிரி கான்கிரீட் போட்டு, மேல மூடி மறுபடி ரோடு போடணும். அதனாலதான் அந்த ஸ்டேஷன்கள் எல்லாம் அதிக ஆழம் இல்ல. 1972 டிசம்பர்ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினாங்க, டம்டம்ல இருந்து டாலிகஞ்ச் வரைக்கும் முழுசா ஓடினது 1995ல. ஒரு தலைமுறையே அந்தப் பள்ளத்து ஓரமா நடந்து ஆபீஸ் போயிருக்கு.

அதுக்கு ஆரம்பத்துல திட்டம், டிசைன் வேலைகள 1970ல பாத்தது யாருன்னு தெரியுமா, ஈ. ஸ்ரீதரன். அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடிதான் 1964 புயல்ல போன பாம்பன் பாலத்த 46 நாள்ல நிமித்தி வச்சாரு. டெல்லி மெட்ரோன்னாதான் எல்லாரும் அவர் பேரச் சொல்றாங்க, கல்கத்தாவ யாரும் சொல்றதில்ல.

நெல்லை அண்ணாச்சி
பாம்பன் சங்கதி எனக்குத் தெரியும், எங்க மாமா அப்ப ரயில்வேலதான் இருந்தாவ. சரி, மெட்ரோவ நான் கொற சொல்லல. அந்த அம்மா முட்டி வலின்னு சொல்லுதாவ, அதுக்கு யாரும் பதில் சொல்லலியே?

லேக்மார்க்கெட் லலிதா
நியாயமான கேள்வி அண்ணாச்சி. க்ரீன் லைன் புதுசு, லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் தாராளமா இருக்கு, பிளாட்ஃபார்ம் ஓரத்துல கண்ணாடிக் கதவு வேற. ஹௌரா மெட்ரோ ஸ்டேஷன் முப்பது மீட்டருக்கு மேல ஆழம், நாட்டுலயே ரொம்ப ஆழமானதுல ஒண்ணு, ஆனா எஸ்கலேட்டர்லயே இறங்கிடலாம். பழைய ப்ளூ லைன் அப்படி இல்ல. எஸ்கலேட்டர் ஒரு வாசல்ல இருக்கும், இன்னொரு வாசல்ல வெறும் படிதான் இருக்கும், சிலது ஏறத்துக்கு மட்டும்தான் ஓடும். அதனால உள்ள நுழையறப்பவே டிக்கெட் கவுன்டர்ல லிஃப்ட் எந்தப் பக்கம்னு கேட்டுக்கணும். "தாதா, லிஃப்ட் கோத்தாய்?" (அண்ணா, லிஃப்ட் எங்க?)ன்னு கேட்டா போதும், கேட்டவன் கூடவே வந்து விட்டுட்டுப் போவான், அந்த ஊர்க்காராளுக்கு வழி சொல்றதுன்னா அவ்வளவு இஷ்டம்.

நேரம்தான் முக்கியம். காலை ஒம்பதுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல, எஸ்ப்ளனேட் பக்கம் அம்மாவக் கூட்டிண்டு ஏறவே கூடாது. நடுவுல பதினொண்ணரைலேர்ந்து நாலு வரைக்கும் உக்காந்துண்டே போகலாம். சீனியர் சிட்டிசன் சீட்டு தனியா இருக்கு, கேட்டா எழுந்துடுவா. ஞாயித்துக்கிழமை காலைல ப்ளூ லைன் லேட்டாதான் ஆரம்பிக்கும், விடிகாலை தரிசனம்னு ப்ளான் போட்டுடாதே.

சேலத்துப் பையன்
அக்கா ரொம்ப ரொம்ப நன்றி. நாங்க சனி காலைல போய்ச் சேர்றோம், செவ்வாய் கெளம்பறோம். கோரமண்டல்ல போட்டிருக்கேன். ஹௌரா இறங்கின உடனே மெட்ரோ ஏறிடலாம்ல?

ரயில்கிறுக்கன்
ப்ரோ நில்லுங்க!! கோரமண்டல் இப்ப ஹௌரா போறதில்ல, ஷாலிமார்லயே நின்னுடும். அங்க மெட்ரோ கிடையாது, பொட்டியத் தூக்கிக்கிட்டு டாக்ஸிதான் தேடணும். ஹௌராவுல இறங்கணும்னா ஹௌரா மெயில் போடுங்க. கொஞ்சம் மெதுவாத்தான் போகும், ஆனா ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா மெட்ரோ வாசல், எஸ்ப்ளனேட்டுக்கு நடுவுல மஹாகரண்னு ஒரே ஒரு ஸ்டேஷன்தான்.

தயிர்சாதம்77
அப்ப ஆத்தடி அனுபவம் மூட்டை முடிச்சோட முதல் நாளே முடிஞ்சுது, விடு :) திரும்பி வரும்போது லாஞ்ச்.

ரயில்கிறுக்கன்
உங்களுக்கு அந்த டனல் மேல என்னங்க கோவம்? ஆத்துப் படுகைக்கும் கீழ போய், மேல அவ்வளவு தண்ணி அழுத்தத்தத் தாங்கிக்கிட்டு நிக்குது, அதை நினைச்சுப் பாக்கறதுதான் அனுபவமே. கண்ணுல தெரியணும்னா அக்வேரியம் போங்க. 2019 ஆகஸ்ட் கடைசில பௌபஜார்ல இதே லைன் தோண்டறப்ப மிஷின் நீரூத்துல இடிச்சு மண்ணு உள்ள இறங்கி, மேல இருந்த பழைய வீடுங்க விழுந்து, ஜனங்க கட்டின துணியோட வெளிய வந்தாங்க. ஆத்துக்கு அடில பிரச்சனை இல்லாம முடிச்சவங்க வீட்டுக்கு அடிலதான் மாட்டிக்கிட்டாங்க. எஸ்ப்ளனேட் - சியால்தா துண்டு இத்தனை வருஷம் இழுத்ததுக்கு அதுதான் காரணம்.

கலிங்கராயன்
அதைப் பேசறப்ப இதையும் பேசணும். டாலிகஞ்சுக்குத் தெற்க மெட்ரோ மேல ஏறி பாலத்துல போகுதுல்ல, கீழ எட்டிப் பாத்தா கறுப்பா ஒரு சாக்கடை ஓடும், அதுக்குள்ளதான் தூணு நிக்குது. அது சாக்கடை இல்லைங்க, ஆதி கங்கை. ஒரு காலத்துல கங்கையே அந்த வழியாத்தான் கடலுக்குப் போச்சு. காளிகாட் கோயில் அந்தக் கரைலதான் இருக்கு, அம்மாவக் கூட்டிட்டுப் போறப்ப கோயில் பின்னாடி படித்துறையப் பாருங்க தெரியும். சுற்றுச்சூழல் ஆளுங்க எவ்வளவோ கத்தினாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க, கேக்காம ஆத்துக்குள்ளயே தூண் இறக்கி 2009ல ஓட்டிட்டாங்க. சென்னைல பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ள பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்ட கதையேதான் இதுவும். நிலம் வாங்கற செலவு மிச்சம், ஆறுதானே, யார் கேக்கப் போறாங்கன்னு.

பழைய இன்ஜினியர்
கேக்கறதுக்கு நல்லா இருக்கு தம்பி. தூண் போடாம விட்டிருந்தா அந்தத் தண்ணி தெளிஞ்சிருக்குமா? அதுக்கு முன்னாடியே சாக்கடைதான். அந்தப் பக்கம் ரோடு எவ்வளவு அகலம்னு பாத்திருக்கீங்களா, வீடுங்கள இடிக்காம வேற எங்க போட முடியும்?

கலிங்கராயன்
முன்னாடியே சாக்கடைங்கறதுதான் எப்பவும் சொல்ற பதில். தூணு நின்ன பிறகு தூர் வாரக்கூட மிஷின் இறக்க முடியாது, அதுக்கு என்ன சொல்றீங்க? ஸ்டேஷனுக்கெல்லாம் கவி, வீரர்னு பேரு வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஆத்த விடத் தெரியல.

மட்டுறுத்துநர்
ரெண்டு பேரும் சொல்றது முக்கியமான விஷயம், ஆனா இழை பயணத்தப் பத்தி. ஆதி கங்கைக்குத் தனி இழை தொடங்குங்க, நானும் வந்து எழுதறேன்.

கோவை ராஜி
ஸ்டேஷன் பேருன்னதும் ஞாபகம் வந்துச்சுங்க, மேப்ல பாத்தா தெக்க கடைசி ஸ்டேஷன் கவி சுபாஷ்னு இருக்கு, என்ற தம்பி போயிட்டு வந்து அங்க வண்டியே போகலைங்கறான், எதுங்க சரி?

ரயில்கிறுக்கன்
தம்பி சொல்றது சரி. 2025 ஜூலைல கவி சுபாஷ் தூண்ல விரிசல்னு மூடிட்டாங்க, வண்டி அதுக்கு முந்தின ஷஹீத் குதிராமோட திரும்புது. திறந்தாச்சானு போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. சுற்றுலாவுக்குப் போறவங்களுக்கு அந்தப் பக்கம் பெருசா வேலையும் இல்ல. போர்டுல எந்தப் பேரு வருதுன்னு மட்டும் கவனிங்க, வடக்க போறது தட்சிணேஸ்வர்னு இருக்கும்.

லேக்மார்க்கெட் லலிதா
தம்பி, சனி வந்து செவ்வாய் கெளம்பறேன்னா நடுவுல திங்கள் வரது, அதுதான் எல்லாரும் கோட்டை விடற இடம். விக்டோரியா மெமோரியல் உள்ளயும் மியூசியமும் திங்கக்கிழமை மூடிடுவா. தாகூர் வீடும் அப்படித்தான். அதனால இதெல்லாம் சனி, ஞாயிறுல முடிச்சுடு. மியூசியத்துல அம்மாவால எல்லா அறையும் சுத்த முடியாது, பாதி நாள் ஆயிடும், பார்ஹுத் ஸ்தூபி வேலியப் பாத்துட்டு வந்தாலே போதும், ரெண்டாயிரம் வருஷத்துச் செதுக்கல். எல்லாரும் எகிப்து மம்மியப் பாக்க ஓடுவா, பார்ஹுத் அறைல ஈ காக்கா இருக்காது.

காளிகாட் ஞாயிறு காலைல வேண்டாம், கூட்டம் நெரியும். சனிக்கிழமையும் வேண்டாம். செவ்வாயும் அங்க விசேஷ நாள், கூட்டம்தான். திங்கள் சாயங்காலமா போக முடிஞ்சா போ, இல்லேன்னா ஞாயிறு சாயங்காலம் கோயில் மறுபடி திறந்த உடனே. ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை, இப்ப ஸ்கைவாக்கும் கட்டியிருக்கா. பண்டான்னு சொல்ற கோயில் பூசாரி யாராவது கூடவே வந்து "மாசிமா, ஸ்பெஷல் தரிசனம்"னு கூடையக் கைல திணிப்பான், வாங்காதே, வாங்கினா சாமிகிட்ட நிக்கறப்பதான் விலை சொல்வான். காசு எவ்வளவுன்னு வெளிலயே பேசாம யார் பின்னாடியும் போகாதே.

முடிச்சுட்டு அப்படியே லேக் மார்க்கெட் வந்துடு. மல்லிப்பூ தொடுத்து விக்கறா, காபிப் பொடி அரைச்சுத் தருவா, இட்லி தோசை சாப்பாடு எல்லாம் கிடைக்கும். தமிழ்ல பேசினா தமிழ்ல பதில் வரும். முன்ன மாதிரி நம்மவா அவ்வளவு பேர் இல்ல, பசங்க எல்லாம் பெங்களூர் அமெரிக்கான்னு போயிட்டா, ஆனா மார்கழில கோலம் போடற வீடு இன்னும் இருக்கு.

நெல்லை அண்ணாச்சி
சாப்பாட்டுக்கு கல்கத்தா போயி தோசையா? கச்சோரியும் உருளக்கிழங்கும் தின்னுட்டு ஒரு மண்சட்டி மிஷ்டி தோய், அதான் இனிப்புத் தயிரு, அடிக்கணும், குளிருக்கு நொலேன் குட சந்தேஷ் வேற வந்திருக்கும், பனங்கருப்பட்டி தின்னு வளந்த நமக்கு ஈச்சம்பழ மரத்து வெல்லம் எப்பிடி இருக்குன்னு பாக்காண்டாமா?

லேக்மார்க்கெட் லலிதா
அண்ணாச்சி அது ஜனவரில தப்பவே கூடாது, ஒத்துக்கறேன். ஆனா மூணு வேளையும் அம்மாவுக்குக் கடுகெண்ணெய் ஒத்துக்காது.

சேலத்துப் பையன்
ஹௌரா மெயில்ல மாத்திட்டேன், வெயிட்டிங் லிஸ்ட் பன்னெண்டு, கெடச்சிரும்னு நினைக்கறேன். கடைசியா ஒண்ணு. திங்கக்கிழமைய தட்சிணேஸ்வரம், பேலூர்னு வச்சுக்கிட்டா அன்னைக்கே காளிகாட்டும் ஆகுமா? பேலூர்ல இருந்து எப்படித் திரும்பறது, அங்க மெட்ரோ இல்லயே?

லேக்மார்க்கெட் லலிதா
ஒரே நாள்ல மூணும் வேண்டாம், அப்பாவுக்கு ஆசைன்னு சொல்ற இடம் அது, அவசரப்படுத்தாதே. காளிகாட்ட ஞாயிறு சாயங்காலத்துக்குத் தள்ளிடு.

திங்கள் கூட்டத்துக்கு முன்னாடி எட்டு மணிக்குள்ள எஸ்ப்ளனேட்ல ஏறிடு. தட்சிணேஸ்வர் ஸ்டேஷன்ல இருந்து ஸ்கைவாக் நேரா கோயிலுக்குப் போறது, எஸ்கலேட்டர் இருக்கு, கீழ ரோட்டுல இறங்கவே வேண்டாம். ராணி ராஷ்மோணி 1855ல கட்டின கோயில், பவதாரிணி காளி சன்னதி பாத்துட்டு, முத்தத்தோட வடமேற்கு மூலைல ராமகிருஷ்ணர் இருந்த அறை, அப்பா அங்க உக்காரணும்னு சொல்வார், விட்டுடு. மத்தியானம் கோயில் நடை சாத்திடுவா, பேலூர் மடமும் மத்தியானம் மூடி சாயங்காலம்தான் திறப்பா. அதனால அங்கயே சாப்பிட்டு ஓய்வா இருந்துட்டு, மூணு மணி வாக்குல கோயில் படித்துறைல பேலூருக்குப் படகு ஏறு. முட்டிக்கு அந்தப் படகு ஏறி இறங்கறது ஒண்ணுதான் கஷ்டம், ரெண்டு பேரா பிடிச்சுக்கோங்கோ, தண்ணி இறங்கியிருந்தா படி வழுக்கும். பயமா இருந்தா ஆட்டோவுல பாலி பாலம் வழியாப் போயிடலாம்.

பேலூர்ல சாயங்கால ஆரத்தி முடிஞ்சதும் வாசல்லயே ஹௌராவுக்கு பஸ் கிடைக்கும், டாக்ஸியும் உண்டு. ஹௌராவுல இறங்கி மெட்ரோ பிடிச்சா எஸ்ப்ளனேட். கைல பெட்டி கிடையாது, ஆபீஸ் கூட்டம் எதிர்ப்பக்கமா ஹௌராவுக்கு வந்துண்டு இருக்கும், நீங்க போற வண்டில இடம் இருக்கும், நிதானமா உக்காந்து அந்த நீல லைட்டையும் பாத்துக்கலாம். ஒம்பதுக்குள்ள ஹௌரா வந்துடப் பாரு, அதுக்கு மேல வண்டி கொறஞ்சுடும்.